ஒரே ஆள், எட்டு முகம்: சுங்கை சிப்புட் வாசகர்களின் கேள்வி – பதில்

சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டங்களிலிருந்து வந்த கேள்விகளில் ஆங்கிலேய நடிகர் அலெக் கின்னஸ் பற்றியவற்றை மட்டும் இம்முறை எடுத்துக்கொண்டோம்.

கேள்வி: கின்னஸ் என்றால் நம்மூர்க் கடைகளில் விற்கும் கறுப்பு பீர்தான் ஞாபகம் வருகிறது. அந்தக் குடும்பத்துப் பிள்ளையா இவர்?

அப்படி ஒரு பேச்சு உலவியது, சான்று கிடையாது. 1914 ஏப்ரல் 2ஆம் தேதி லண்டனில் பிறந்தார். பிறப்புப் பத்திரத்தில் தந்தை பெயர் எழுதப்படவில்லை. விளம்பர நிறுவனத்தில் வாசகம் எழுதிப் பிழைத்துவிட்டு மேடைக்குப் போனார். போர்க்காலத்தில் கடற்படை அதிகாரி. 1943இல் சிசிலிப் படையெடுப்பில் வீரர்களைக் கரையிறக்கும் படகு ஒன்று அவர் பொறுப்பில் இருந்தது. 1959இல் சர் பட்டம், 2000இல் மறைவு.

கேள்வி: சிவாஜி 'நவராத்திரி'யில் 9 வேடம் கட்டினார். வெள்ளைக்காரர்களில் அப்படி யாராவது உண்டா?

உண்டு, அதுவும் 15 வருடம் முன்னாலேயே. 1949இல் வந்த 'கைண்ட் ஹார்ட்ஸ் அண்ட் கோரோனெட்ஸ்' படத்தில் கின்னசுக்கு 8 வேடம். பிரபு பட்டத்துக்கு ஆசைப்பட்ட தூரத்துச் சொந்தக்காரன் குறுக்கே நிற்பவர்களைத் தீர்த்துக்கட்டப் பார்க்கும் கதை. பாதிரியார், தளபதி, கப்பற்படைத் தலைவர், வங்கி முதலாளி, ஏன், பெண்ணுரிமைக்குப் போராடும் சீமாட்டிகூட அவர்தான். முதலில் அவருக்குத் தருவதாக இருந்தது நான்கு வேடம். எட்டையும் கொடுங்கள் என்று கேட்டு வாங்கினார்.

சிவாஜிக்கு ஒவ்வொரு வேடத்துக்கும் விரிவான பகுதி இருந்தது. கின்னசின் ஆட்களில் சிலர் வந்த வேகத்தில் செத்துப்போகிறார்கள். அதனால் நடையிலும் கழுத்தை வைத்திருக்கும் விதத்திலுமே ஆளை மாற்றிக் காட்டியாக வேண்டியிருந்தது. ஒப்பனையை விட்டுவிட்டுத் தோள்களை மட்டும் கவனித்துப் பாருங்கள், தெரியும்.

கேள்வி: அதில் ஆறு பேர் ஒரே தேவாலயத்தில் சேர்ந்து தெரிகிறார்களே! கம்ப்யூட்டர் இல்லாத காலத்தில் எப்படி?

ஒளிப்பதிவாளர் டக்ளஸ் ஸ்லோகோம்பின் கைவேலை அது. கேமராவை அசையாதபடி இறுக்கிவிட்டு, லென்சுக்கு முன்னால் கறுப்பு மறைப்புகளை வைத்தார். ஓர் ஆளுக்கான இடம் மட்டும் திறந்திருக்கும். அந்தப் பகுதியைப் பதிவு செய்ததும் ஃபிலிமைத் தொடங்கிய அதே கட்டத்துக்குப் பின்னோக்கிச் சுற்றி, மறைப்பை மாற்றி, அடுத்த வேடம். வெளிச்சம் படாத ஃபிலிம் புதிதாகவே இருக்கும் என்பதுதான் சூட்சுமம். வேடம் மாற்ற நேரமாகும் என்பதால் வேலை நாள்கணக்கில் நீண்டது. இடையில் யாராவது கேமராவை இடித்துவிட்டால் அதுவரை எடுத்ததெல்லாம் பாழ். ஸ்லோகோம்ப் இரவில் கேமராவுக்குப் பக்கத்திலேயே படுத்துக்கொண்டார்.

கேள்வி: எங்கள் இளைஞர் மன்றம் எடுக்கும் குறும்படத்தில் ஒருவனே அண்ணன், தம்பி இரண்டு வேடமும் போடுகிறான். கைப்பேசியில் இதைச் செய்யலாமா?

தாராளமாக. வழி அதேதான், மறைப்பு மட்டும் எடிட்டிங்கில் வருகிறது.

ட்ரைபாடை சிமெண்டுத் தரையில் நிறுத்தி, நடுவில் 5 கிலோ அரிசிப் பையைக் கட்டித் தொங்கவிடுங்கள். பலகைத் தரை என்றால் நடிகன் நடக்கும்போது படம் ஆடும். கைப்பேசிக் கேமராவின் ப்ரோ மோடுக்குப் போய் ஃபோகஸ், வெளிச்சம், வைட் பேலன்ஸ் (நிறச் சமன்) மூன்றையும் நிலையாக வையுங்கள். தானியங்கியில் விட்டால் அண்ணனின் வெள்ளைச் சட்டைக்கு ஒரு நிறம், தம்பியின் கறுப்புச் சட்டைக்கு ஒரு நிறம் என்று பின்சுவரே இரண்டாகத் தெரியும். ஸ்டெபிலைசேஷனை அணைத்துவிடுங்கள், அது சட்டகத்தைத் தானாக நகர்த்தும். டியூப் லைட்டில் எடுப்பதானால் ஷட்டர் வேகம் 1/50 வினாடி. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் வேறு வேகத்தில் படம் மினுக்கக்கூடும்.

இரு பாதியையும் பிரிக்கும் கோட்டைத் தூண், கதவு நிலை போன்ற நேர்க்கோட்டின்மேல் வையுங்கள். கையோ நிழலோ அதைத் தாண்டக்கூடாது. பெரும்பாலும் கெடுவது இந்த நிழலால்தான். வசனம் கொடுக்க இன்னொருவர் எதிர்ப் பாதியில் அதே உயரத்தில் நிற்கட்டும், பார்வை சரியாக விழும். அவரை எப்படியும் வெட்டிவிடப் போகிறோம். நடிகன் சட்டை மாற்றி வரும்வரை பதிவை நிறுத்தாமல் ஓடவிடுங்கள், கைப்பேசியைத் தொடும் வேலையே இருக்காது. வெளியில், பால்மரத்தடியில் எடுக்க ஆசைப்படாதீர்கள். மேகம் ஒன்று கடந்தாலே இரு பாதியும் ஒட்டாது, இலை வேறு கோட்டின் குறுக்கே ஆடும்.

எடிட்டிங்கில் பதிவை அண்ணன் பகுதி, தம்பி பகுதி என்று வெட்டி ஒன்றின்மேல் ஒன்றாக வைத்து, மேலதை நேர்க்கோட்டு மாஸ்க்கால் பாதி மறைத்து, ஓரத்தை லேசாக மங்கலாக்கினால் முடிந்தது.

கேள்வி: என் தாத்தாவை ஜப்பான்காரன் சயாமுக்குப் பிடித்துப் போனான். 'த பிரிட்ஜ் ஆன் த ரிவர் குவாய்' படத்தில் நம் ஆட்களை ஏன் காணோம்?

படம் சொல்வது கின்னஸ் நடித்த ஆங்கிலேய அதிகாரி ஒருவரின் வீம்பை. போர்க்காலத்தில் ஜப்பானியர் சயாமிலிருந்து பர்மாவுக்குப் போட்ட மரண இரயிலின் வரலாற்றை அதில் தேடினால் ஏமாற்றந்தான். 415 கிலோமீட்டர் தண்டவாளம் 1943 அக்டோபரில் இணைந்தது. நேசநாட்டுக் கைதிகள் 12,000 பேருக்கு மேல் இறந்தார்கள். மலாயாத் தோட்டத் தமிழர், பர்மியர், ஜாவாக்காரர் என்று ஆசியத் தொழிலாளர் சாவு அதைப் போலப் பல மடங்கு. மூலக்கதை எழுதிய பியர் பூல் 1930களில் மலாயா ரப்பர் தோட்டத்தில் பொறியாளராக இருந்த பிரெஞ்சுக்காரர். தமிழ்த் தொழிலாளியை அவருக்குத் தெரியாமல் இருந்திருக்காது. தெரிந்தும் விட்டார் என்பதே எங்கள் குறை.

படத்தை எடுத்தது சயாமில் அல்ல, இலங்கையின் கித்துல்கலையில், களனி ஆற்றின்மேல். 1957 மார்ச்சில் மரப்பாலத்தை வெடிக்க வைக்கும் முதல் முயற்சியில், கேமராமேன் ஒருவர் பத்திரமாக ஒதுங்கிவிட்டார் என்ற சமிக்ஞை வராததால் வெடிக்க வைக்கவில்லை. இரயில் மட்டும் பாலத்தைக் கடந்து ஓடி ஜெனரேட்டரில் மோதியது. மறுபடி தண்டவாளத்தில் ஏற்றித்தான் வெடித்தார்கள். உண்மையான பாலம் இருந்த காஞ்சனபுரியில் (இன்றைய தாய்லாந்து) இன்று நிற்பது இரும்புப் பாலம். அங்கிருந்த உண்மையான ஆங்கிலேய அதிகாரி பிலிப் டூசி, ஜப்பானியருக்கு ஆசையாசையாகப் பாலம் கட்டிக் கொடுத்தவரல்ல; வேலையைக் கெடுக்க முயன்றவர்.

நடிப்பு வேறு விஷயம். தகரக் கூண்டிலிருந்து வெளியே வந்து கின்னஸ் நடக்கும் நடையைப் பாருங்கள். முழங்கால் மடங்கப் பார்க்கிறது, முதுகு மட்டும் வளைய மறுக்கிறது. போலியோவிலிருந்து தேறிவந்த தன் மகனின் நடையிலிருந்து அதை எடுத்தார். ஆஸ்கார் அந்தப் படத்துக்குத்தான்.

கேள்வி: 'ஸ்டார் வார்ஸ்' அவருக்குப் பிடிக்காது என்பது உண்மையா?

வசனங்களைக் குப்பை என்றே நண்பருக்கு எழுதினார். ஆனால் இயக்குநர் ஜார்ஜ் லூகாசுக்குக் கிடைக்கும் பங்கில் 2.25 சதவீதம் பேசி வாங்கியிருந்தார். அது கடைசிவரை வந்துகொண்டிருந்தது.

கேள்வி: இந்தியராகவும் நடித்திருக்கிறாராமே?

1984இல், 'எ பாசேஜ் டு இந்தியா'வில் பேராசிரியர் கோட்போலே என்ற பிராமணராக. முகத்துக்குப் பழுப்பு மை பூசிக்கொண்டு செய்தது. அவர் ஆடிய நடனத்தின் பெரும்பகுதியை இயக்குநர் டேவிட் லீன் வெட்டிவிட்டார். மகன் நடையைப் பக்கத்திலிருந்து பார்த்தவர் நடித்ததற்கும், பிராமணர் இப்படித்தான் இருப்பார் என்று ஊகித்து நடித்ததற்கும் உள்ள தூரம் அதில் அப்பட்டமாகத் தெரிகிறது. அதை விடுங்கள், முதலில் 1949 படத்தைப் பாருங்கள்.