கிருமிநாசினி தோலில் எவ்வளவு நேரம் வேலை செய்யும்?

கேள்வி: ஊசி போடுவதற்கு முன் ஸ்பிரிட், புண்ணுக்குப் பழுப்பு நிற பொவிடோன் அயோடின், அறுவைச் சிகிச்சைக்கு முன் குளோர்ஹெக்சிடின் என மருத்துவமனையில் வெவ்வேறு மருந்துகளைத் தடவுகிறார்கள். இவற்றுள் அதிக நேரம் செயல்படுவது எது? அதையே எல்லாவற்றுக்கும் பயன்படுத்தினால் என்ன?

பதில்: நேரத்தை மட்டும் பார்த்தால் குளோர்ஹெக்சிடினே முதலிடம் பெறும். நேர்மின்னேற்றம் கொண்ட அதன் மூலக்கூறுகள் தோலின் மேலடுக்கிலுள்ள புரதங்களோடு ஒட்டிக்கொள்வதால், தடவிய பின்னும் பல மணி நேரம், சில சமயம் ஒரு நாளுக்கு மேலும், மயிர்க்கால்களிலிருந்து மேலே வரும் கிருமிகளை அது பெருக விடுவதில்லை. ஸ்பிரிட் எனப்படும் ஆல்கஹால் அரை நிமிடத்துக்குள் பெரும்பாலான பாக்டீரியாக்களைக் கொன்றுவிடும். ஆனால் உலர்ந்ததும் தோலில் எதுவும் மிஞ்சாது. ஊசி குத்தும் ஒரு கணத்துக்கு அதுவே போதுமானது. பொவிடோன் அயோடின் சிறிது சிறிதாக அயோடினை வெளிவிட்டுச் செயல்படுகிறது. இரத்தமும் சீழும் அந்த அயோடினை விரைவில் செலவழித்துவிடுவதால், தோலில் கறை தெரிகிறது என்பதற்காக மருந்து முழு ஆற்றலோடு இருப்பதாகக் கொள்ள முடியாது.

மருந்து செலுத்துவதற்காகச் சிரைக்குள் (இரத்தநாளத்துக்குள்) நாள்கணக்கில் செருகி வைக்கும் குழாயைப் பொருத்தும் இடத்தில் குளோர்ஹெக்சிடினின் நீடித்த ஆற்றல் உண்மையிலேயே பயன்தருகிறது. அறுவைச் சிகிச்சையில் கதை அவ்வளவு நேரடியானதல்ல. 2010-இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில், ஆல்கஹால் கலந்த குளோர்ஹெக்சிடின் பூசப்பட்டவர்களில் 9.5 விழுக்காட்டினருக்கும், பொவிடோன் அயோடின் பூசப்பட்டவர்களில் 16.1 விழுக்காட்டினருக்கும் அறுவைக் காயத்தில் தொற்று ஏற்பட்டது. ஆனால் அந்த அயோடின் கரைசலில் ஆல்கஹால் இல்லை. ஆகவே வெற்றியில் எவ்வளவு பங்கு ஆல்கஹாலுக்கு உரியது என்பதை அந்த ஆய்விலிருந்து பிரித்துச் சொல்ல இயலாது. 2024-இல் அமெரிக்கா, கனடா மருத்துவமனைகளில் எலும்பு முறிவு நோயாளிகளிடம் இரண்டு தரப்பிலும் ஆல்கஹால் சேர்த்தே ஒப்பிட்டபோது, தோல் கிழியாத முறிவுகளில் அயோடின் தரப்பில் தொற்று 2.4 விழுக்காடாகவும் குளோர்ஹெக்சிடின் தரப்பில் 3.3 விழுக்காடாகவும் இருந்தன. நீண்ட நேரம் நிற்பதே சிறந்த மருந்து என்ற எண்ணத்தை இம்முடிவு ஓரளவு ஆட்டங்காணச் செய்கிறது என்பது என் கருத்து. எனினும், பொதுவான அறுவைகளுக்கு ஆல்கஹால் கலந்த குளோர்ஹெக்சிடினையே 2016-இல் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்தது.

எல்லா இடங்களுக்கும் ஒரே மருந்து என்பது ஆபத்தானது. குளோர்ஹெக்சிடின் கண்ணில் பட்டால் கருவிழி பாதிக்கப்படலாம், நடுச்செவிக்குள் சென்றால் கேட்கும் திறன் குறையலாம். அரிதாகச் சிலருக்குக் கடும் ஒவ்வாமையும் உண்டாகும். கண் அறுவைக்கு நீர்த்த பொவிடோன் அயோடினைப் பயன்படுத்துவது இதனால்தான். அந்த அயோடினைப் பச்சிளங் குழந்தையின் தோலில் அதிகம் பூசினால் தைராய்டு சுரப்பி பாதிக்கப்படலாம்.

அறுவைக்கு முன் குளோர்ஹெக்சிடின் குளியலை மருத்துவர் சொல்லியிருந்தால், குளித்த பின் சோப்போ வாசனைக் களிம்போ பூசாதீர்கள். சோப்பிலுள்ள எதிர்மின்னேற்றப் பொருள்கள் தோலில் ஒட்டியிருக்கும் மருந்தைச் செயலிழக்கச் செய்துவிடும்.