தாத்தாவின் பெட்டியில் ஒரு ஜாஸ் இசைத்தட்டு

கேள்வி: தாத்தாவின் டிரங்குப் பெட்டியைக் கிளறியபோது அடியில் 'ஜாஸ் எபிஸில் வெர்ஸ் ஒன்' என்று ஒரு எல்பி கிடைத்தது. பழைய சாமானோடு தூக்கிப் போடச் சொல்கிறார் அம்மா. வைத்துக்கொள்ளலாமா? – ஒரு வாசகி, சாட்ஸ்வொர்த்

பதில்: தயவுசெய்து போட்டுவிடாதீர்கள், அம்மாவிடம் நான் கேட்டுக்கொண்டதாகவே சொல்லுங்கள். தென்னாப்பிரிக்கக் கறுப்பின ஜாஸ் குழு ஒன்று வெளியிட்ட முதல் எல்பி அது. 1960 ஜனவரியில் ஜோகானஸ்பர்கில் பதிவானது, 500 பிரதிதான் போட்டார்கள். லேபிளில் கான்டினென்டல் என்று இருந்தால் அந்த முதல் பதிப்பாக இருக்கலாம். பின்னால் மறுபதிப்புகளும் வந்திருப்பதால் விவரம் தெரிந்த ஒருவரிடம் காட்டிவிடுங்கள்.

ட்ரம்பெட் வாசித்தவர் ஹியூ மசெகேலா, அப்போது அவருக்கு 20 வயது. பள்ளியில் பாதிரியார் ட்ரெவர் ஹடில்ஸ்டன் வாங்கிக் கொடுத்த ட்ரம்பெட்டில் பழகியவர், அப்புறம் லூயி ஆம்ஸ்ட்ராங்கே அமெரிக்காவிலிருந்து ஒரு ட்ரம்பெட் அனுப்பிவைத்தார். பியானோவில் டாலர் பிராண்ட், அதாவது பின்னாளைய அப்துல்லா இப்ராஹிம். ட்ராம்போனில் ஜோனஸ் குவாங்வா, ஆல்டோ சாக்ஸபோனில் கிப்பி மொயெகெட்சி.

முதலில் 'ஸ்கல்லரி டிபார்ட்மென்ட்' பாட்டைப் போட்டுக் கேளுங்கள். மொயெகெட்சி அமைத்தது. வெள்ளையர் கிளப்புகளில் மேடையேறி வாசித்த இந்தக் கலைஞர்களை, இடைவேளையில் கூடத்தில் உட்காரவிடாமல், பத்துப் பாத்திரம் தேய்க்கிற இடத்துக்கு அனுப்பிச் சாப்பிடச் சொன்னார்கள். அந்த இடத்தின் பெயரையே பாட்டுக்கு வைத்துவிட்டார். டர்பனின் கேட்டோ மேனரில் நிறவெறிச் சட்டத்தால் வீட்டை விட்டுக் கிளப்பப்பட்டு சாட்ஸ்வொர்த் வந்து சேர்ந்த இந்தியக் குடும்பங்களுக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை. தட்டு பதிவான இரண்டு மாதத்தில், மார்ச் 21 அன்று, ஷார்ப்வில்லில் நிறவெறிச் சட்டத்தை எதிர்த்துக் கூடிய கறுப்பின மக்களைப் போலீஸ் சுட்டதில் 69 பேர் செத்தார்கள், நெருக்கடி நிலை வந்தது, அந்த வருடமே மசெகேலா நாட்டை விட்டுப் போனார். குழு அதோடு சரி. இரண்டாவது தட்டே கிடையாது. விலையைப் பற்றி நான் பேசவில்லை, உங்கள் தாத்தா இத்தனை வருடம் பெட்டிக்குள் பத்திரமாக வைத்திருந்தாரே, அதுவே எனக்குப் பெரிய விஷயமாகப் படுகிறது.

டர்பன் ஈரக்காற்றில் பூஞ்சை பிடித்திருக்கும். தட்டின் விளிம்பையும் நடு லேபிளையும் மட்டும் தொட்டுத் தூக்குங்கள். காய்ச்சி வடித்த நீரில் பாத்திரம் கழுவும் திரவம் ஒரு சொட்டு விட்டு, மெல்லிய துணியால் வரிகள் ஓடும் வாக்கிலேயே வட்டமாகத் துடையுங்கள், லேபிள் நனையக் கூடாது. தேய்ந்த ஊசியில் மட்டும் ஓட்டவே ஓட்டாதீர்கள், ஒரே தடவையில் வரியைக் கீறிவிடும். அடுக்கிப் படுக்க வைக்காமல் நிமிர்த்தி வையுங்கள்.

கேள்வி: ட்ரம்பெட் வாயில் ஏதோ கிண்ணம் மாதிரி செருகி வாசிக்கிறார்களே, எதற்கு? – ஒரு வாசகர், ஃபீனிக்ஸ்

பதில்: அது மியூட். சத்தத்தைக் குறைப்பதோடு குரலையே மாற்றிவிடும். அலுமினியத்தில் செய்த ஹார்மன் மியூட்டின் நடுக்குழாயை உருவிவிட்டு, மைக்கை ஒட்டி நின்று வாசிப்பார் அமெரிக்க ஜாஸ் ட்ரம்பெட் கலைஞர் மைல்ஸ் டேவிஸ். காதோரம் யாரோ மெல்லப் பேசுவது போலிருக்கும். 1959இல் நியூயார்க்கில் பதிவான 'கைண்ட் ஆஃப் ப்ளூ' தட்டில் 'ஆல் ப்ளூஸ்' கேளுங்கள். மியூட்டோடு ஆரம்பிப்பார், தனி ஆவர்த்தனத்துக்கு வரும்போது அதைக் கழற்றிவிடுவார். கழற்றியதும் வரும் அந்த முதல் சுரத்தைக் கவனியுங்கள்.