சர்வீஸ் 'ஆக்டிவ்', ஆனால் ரெப்ளிகாவில் தரவு வரவில்லை. மறுபடி நிறுவலாமா?

கேள்வி: டெபியனில் பேக்கேஜ் வழியாக நிறுவிய எங்கள் போஸ்ட்கிரஸ் டேட்டாபேஸின் ரெப்ளிகா (பிரைமரி என்ற முதன்மை சர்வரின் தரவை நகலெடுத்துக்கொண்டே இருக்கும் சர்வர்), அப்கிரேடுக்குப் பிறகு புதிய தரவை வாங்கவே இல்லை. சர்வீஸ் 'ஆக்டிவ்' என்கிறது, ரீஸ்டார்ட்டும் செய்து பார்த்தேன். சர்வர் பராமரிப்பவர் எல்லாவற்றையும் நீக்கிவிட்டு மறுபடி நிறுவச் சொல்கிறார். செய்யலாமா?

பதில்: வேண்டாம். அந்த ஆலோசனையைச் சொல்பவர்கள் பெரும்பாலும் லாகைத் திறந்தே பார்த்திருக்க மாட்டார்கள், ஆனால் மறுபடி நிறுவியதற்கும் தனியாக பில் வரும். பேக்கேஜை 'பர்ஜ்' (அமைப்புக் கோப்புகளோடு முழுதாக நீக்குவது) செய்யும்போது தரவு டைரக்டரியையும் அழிக்கட்டுமா என்று ஒரு கேள்வி வரும். அவசரத்தில் என்டர் தட்டினால் போச்சு, அதிலும் தவறுதலாக பிரைமரி சர்வரில் உட்கார்ந்துகொண்டு தட்டினால்!

நீங்கள் பார்த்த 'ஆக்டிவ்' பெரும்பாலும் வெறும் பெயர்ப்பலகை. டெபியனிலும் உபுண்டுவிலும் 'போஸ்ட்கிரஸ்கியூஎல்' என்ற பொதுவான சர்வீஸ் தானாக எதையும் இயக்குவதில்லை. உண்மையான வேலை பதிப்பு எண் சேர்ந்த, '@15-மெயின்' மாதிரி முடியும் சர்வீஸில் நடக்கிறது. உள்ளே அது விழுந்து கிடந்தாலும் வெளியே 'ஆக்டிவ்' என்றே காட்டும். இத்தனை வருடமாக எத்தனை பேரைக் குழப்பியிருக்கிறது, இன்னும் அப்படியேதான் வைத்திருக்கிறார்கள்.

சரி, 'பிஜி_எல்எஸ்கிளஸ்டர்ஸ்' (pg_lsclusters) கட்டளையை ஓட்டுங்கள், ஒவ்வொரு கிளஸ்டரின் (தனக்கென்று தரவு டைரக்டரியும் போர்ட்டும் கொண்ட போஸ்ட்கிரஸ்) நிலையையும் காட்டும். 'டவுன்' என்றால் சர்வர் எழவே இல்லை. 'ஆன்லைன், ரெகவரி' என்றால் ரெப்ளிகாவாக ஓடுகிறது, சிக்கல் இணைப்பில். வெறும் 'ஆன்லைன்' என்றால் அது ரெப்ளிகாவாகவே இல்லை, தனி பிரைமரியாகிவிட்டது, அதில் எதையும் எழுத விடாதீர்கள். 5433 போர்ட்டில் புதிதாக ஒரு காலி கிளஸ்டர் தெரிந்தால், அப்கிரேடில் அடுத்த பெரிய பதிப்பும் சேர்ந்து வந்திருக்கிறது. அதை ரெப்ளிகா என்று நினைத்துத் தேடிக்கொண்டிருக்காதீர்கள்.

பொதுவாக இதையெல்லாம் நிதானமாகப் பார்க்கலாம், ஒரே ஒரு நிலையைத் தவிர: ரெப்ளிகேஷன் ஸ்லாட் (ரெப்ளிகா எதுவரை வாங்கியது என்று பிரைமரி வைத்திருக்கும் குறிப்பு) வைத்திருந்தால். ரெப்ளிகா வாங்காத ஒவ்வொரு வால் (WAL, தரவு மாற்றங்களைப் பதியும்) கோப்பையும் பிரைமரி அந்த ஸ்லாட்டுக்காகச் சேர்த்துக்கொண்டே போகும், டிஸ்க் நிரம்பினால் பிரைமரியே நின்றுவிடும். பதிப்பு 13 முதல் இதற்கு உச்சவரம்பு வைக்க முடியும், ஆனால் நீங்களாகப் போடும்வரை வரம்பே கிடையாது, இப்படி ஒரு இயல்பமைப்பை யார்தான் விரும்புவார்களோ! அதனால் முதலில் பிரைமரியின் டிஸ்க்கைப் பாருங்கள். இடம் குறைகிறது, ரெப்ளிகாவும் சீக்கிரம் எழாது என்றால் ஸ்லாட்டை நீக்கிவிடுங்கள், ரெப்ளிகாவைப் பிறகு கட்டிக்கொள்ளலாம். 'பிஜி_வால்' டைரக்டரியில் உள்ள வால் கோப்புகளைக் கையால் மட்டும் அழிக்காதீர்கள், யார் சொன்னாலும்.

அப்புறம் ரெப்ளிகாவின் லாக். கேட்ட வால் பகுதி ஏற்கெனவே நீக்கப்பட்டுவிட்டது என்று அதில் இருந்தால், அந்தக் கோப்புகளை எடுத்துவைத்த ஆர்க்கைவும் இல்லையென்றால், எத்தனை ரீஸ்டார்ட் செய்தாலும் வராது. ரெப்ளிகாவின் பழைய தரவு டைரக்டரியை வேறு பெயருக்கு மாற்றிவிட்டு, 'பிஜி_பேஸ்பேக்கப்' கட்டளை மூலம் பிரைமரியிலிருந்து முழு நகலைப் புதிதாக எடுங்கள். பேக்கேஜைத் தொடவே தேவையில்லை.