வேம்பூர் ஆடு வளர்க்கிறேன் என்று நிற்கும் மகன்

அம்மா, பி.காம். முடித்த கையோடு மகன் வேம்பூர் செம்மறி வளர்க்கப் போகிறேன் என்று நிற்கிறான், நகையை அடகு வைத்து ஐந்து லட்சம் கொடு என்கிறான், தடுப்பதா விடுவதா என்று கேட்டிருக்கிறீர்கள். தடுக்க வேண்டாம். ஆனால் ஐந்து லட்சமும் வேண்டாம்.

அபூர்வமான இனம், நல்ல விலை போகும் என்று அவன் சொல்வதில் பாதிதான் சரி. வெள்ளை உடம்பில் செம்பழுப்புத் திட்டு விழுந்த அந்தப் பொட்டு ஆடு பார்க்க அழகு, கரிசல் வெயிலுக்கும் காய்ந்த மேய்ச்சலுக்கும் பழகியதும்கூட. ஆனால் எட்டயபுரம் சனிக்கிழமைச் சந்தைக்குக் கறிக்கு வாங்க வரும் வியாபாரிக்குப் பொட்டு எதற்கு? முதுகை விரலால் அழுத்தி, ஆட்டைத் தூக்கிப் பார்த்து, கறி எத்தனை கிலோ தேறும் என்றுதான் கணக்குப் போடுவார். இனத்துக்கென்று கூடுதலாகக் கொடுப்பவர், வளர்ப்புக்குக் கிடாயோ பெட்டைக்குட்டியோ தேடி வருபவர் மட்டும்தான். அவர் தாய் எது, தகப்பன் எது, ஒரே ரத்தத்தில் சேர்த்ததா என்று குடைவார். பதில் சொல்ல குட்டி விழுந்த நாள் முதல் எழுதிய நோட்டு வேண்டும், நம்பி வாங்க நாலு பேர் வேண்டும். அதற்குச் சில வருடம் ஆகும். அதுவரை கறி விலைதான்.

இருபது பெட்டை, ஒரு கிடாய் என்று வைத்துக்கொள்வோம். சினைக்காலம் ஐந்து மாதம், ஈத்துக்குப் பெரும்பாலும் ஒரு குட்டிதான். வருடத்தில் பதினாறு குட்டி தேறி, நாலைத் தாய்க்கு நிறுத்தி, மீதிப் பன்னிரண்டை 17 கிலோவில் உயிர் எடை கிலோ 400 ரூபாய்க்கு விற்றாலும் 81,600. மாதம் ஏழாயிரம்கூட இல்லை, அதிலும் மருந்து, தீவனச் செலவு கழியும். உரத்துக்காக இரவில் வயலில் ஆட்டை அடைத்துக் கிடை போட்டால் கொஞ்சம் வரும். மேய்க்கக் கூலிக்கு ஆள் வைத்தால் அவருக்கே போதாது.

மானியம் இருக்கிறதே என்பான். தேசிய கால்நடை இயக்கத்தில் 100 பெட்டை, 5 கிடாய்க்கு 50 சதவீதம், அதிகபட்சம் 10 லட்சம், உண்மைதான். ஆனால் மீதிப் பாதி கடனாகவோ கைக்காசாகவோ உங்கள் தலையில்தான் விழும். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஆட்டுக்கு நீலநாக்கு நோய் வந்தால் எப்படியிருக்கும் என்று பார்க்காத பையனுக்கு நூறு ஆடு ரொம்ப அதிகம்.

அவனை இந்த மழைக்காலம் முழுக்க மந்தை மேய்ப்பதையே தொழிலாகக் கொண்ட ஒரு கீதாரியோடு மேய்ச்சலுக்குப் போகச் சொல்லுங்கள். துள்ளுமாரி, ஆட்டுக்கொல்லி நோய்களுக்கு எப்போது தடுப்பூசி, குடற்புழு மருந்து எவ்வளவு என்று கற்றுக்கொண்டு, அப்புறமும் ஆசை குறையவில்லை என்றால் பத்துப் பெட்டை வாங்கிக் கொடுங்கள். பி.காம்.காரன், கணக்கு அலுவலக வேலை ஒன்றையும் கையில் வைத்திருக்கட்டும்.

மகள் பிளஸ் டூ உயிரியல் படிக்கிறாள் என்று போகிறபோக்கில் சொன்னீர்களே, அவளிடம் கால்நடை மருத்துவப் படிப்பைப் பற்றிப் பேசினீர்களா? தமிழ்நாட்டு ஒதுக்கீட்டு இடங்களுக்கு நீட் கிடையாது, பிளஸ் டூ மதிப்பெண்தான். அதைத் தனியாக எழுதுங்கள், விவரமாகப் பேசலாம்.