ஏறி இறங்கும் இன்ஜின்: சென்சார் வாங்கும் முன்

கேள்வி: என்னிடம் பதினெட்டு ஆண்டுப் பழைய பெட்ரோல் பிக்கப் உள்ளது. சிக்னலில் நிற்கும்போது, ஆக்சிலரேட்டரில் கால் வைக்காமலேயே, ஆர்.பி.எம். முள் 700-க்கும் 1,500-க்கும் இடையே ஏறி இறங்குகிறது. காலையில் முதல் ஸ்டார்ட்டில் தொல்லை அதிகம், சூடானதும் குறைகிறது. காற்றை அளக்கும் சென்சாரையும், காற்று போகும் வழியைத் திறந்து மூடும் த்ராட்டில் பாடியையும் மாற்ற வேண்டும் என்கிறார் மெக்கானிக். வாங்கிவிடலாமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம். மின்சார உதிரி பாகங்களை, பெட்டியைப் பிரித்துப் பொருத்திவிட்டால், பெரும்பாலான கடைகள் திரும்ப எடுத்துக்கொள்வதில்லை. நீங்கள் சொல்லும் அறிகுறிகளோ முதலில் வேக்குவம் லீக்கைத்தான், அதாவது இன்ஜின் வெடிப்பு வழியே வெளிக்காற்றை உறிஞ்சுவதைத்தான், சந்தேகிக்க வைக்கின்றன.

உள்ளே போகும் காற்றை சென்சார் அளந்து சொல்ல, அதற்கேற்ற பெட்ரோலைக் கன்ட்ரோல் யூனிட் விடுகிறது. சென்சாரைத் தாண்டிய இடத்தில் ஒரு ஹோஸ் வெடித்திருந்தாலோ காற்றை சிலிண்டர்களுக்குப் பிரித்துவிடும் மேனிஃபோல்டின் கேஸ்கெட் காய்ந்து விறைத்துப் போயிருந்தாலோ, கணக்கில் வராத காற்று அந்த வழியே நுழைந்து ஆர்.பி.எம்.மை ஏற்றிவிடுகிறது, கால் வைக்காதபோது இவ்வளவு வேகம் கூடாது என்று யூனிட் பெட்ரோலை நிறுத்துகிறது, இறங்கியதும் மறுபடி விடுகிறது. முள் ஆடுவது பெரும்பாலும் இதனால்தான். சூடானதும் உலோகம் விரிந்து கேஸ்கெட் இடைவெளியை ஓரளவு அடைத்துவிடுவதால், காலையில் மட்டும் தொல்லை கூடுவதும் இதோடு பொருந்துகிறது.

மெக்கானிக்கிடம் ஸ்கேனரை மாட்டி ஃபியூயல் டிரிம் அளவை, அதாவது யூனிட் தன் கணக்குக்கு மேல் எத்தனை சதவீதம் பெட்ரோலைக் கூட்டுகிறது அல்லது குறைக்கிறது என்பதை, காட்டச் சொல்லுங்கள். கால் வைக்காமல் ஓடும் ஐடிலிங்கில் அது 20 சதவீதம் கூட்டலில் நின்று, 2,500 ஆர்.பி.எம்.மில் சுழியத்தை ஒட்டி வந்தால் லீக் என்றே கொள்ளலாம். மாறாக, வேகமும் பாரமும் கூடக் கூட அந்த எண்ணும் கூடினால் பெட்ரோல் பம்ப், ஃபில்டர் அல்லது அழுக்கேறிய சென்சாரைப் பார்க்க வேண்டும். லீக் இருக்கும் இடத்தைக் காட்டுவது, காற்று வழியில் புகையைச் செலுத்தி அது எங்கே வெளியேறுகிறது என்று பார்க்கும் புகைச் சோதனை. அதற்கு மட்டும் தனியாகக் கட்டணம் கேட்டு, எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். சென்சார் விலையோடு ஒப்பிட்டால் அது வழக்கமாகச் சிறிய தொகைதான்.

அதற்கு முன் நீங்களே செய்யக்கூடியது ஒன்று உண்டு. இன்ஜின் ஆறியபின், வால்வு கவரிலிருந்து மேனிஃபோல்டுக்குப் போகும் ரப்பர் முழங்கையின் அடிப்பக்கத்தை விரலால் தடவிப் பாருங்கள். மேலே பார்த்தால் கறுப்பாக, நல்லபடியாகவே தெரியும். எண்ணெய்ப் புகை பட்டு ஊறிய அடிப்பக்கம் பிசுபிசுத்து, நகம் நுழையும் அளவுக்குப் பிளந்திருக்கக்கூடும். ஓடும் இன்ஜினில் கார்புரேட்டர் கிளீனர் அடித்து லீக் தேடும் பழக்கம் பரவலாக இருக்கிறது; சூடான எக்ஸாஸ்ட்டின் மேல் பட்டால் தீப்பிடிக்கும் என்பதால் நான் அதைப் பரிந்துரைப்பதில்லை.

புகையில் எதுவும் தெரியாவிட்டால் த்ராட்டில் பாடியையும் சென்சாரையும் அததற்கென உள்ள ஸ்பிரேயால் சுத்தம் செய்து, கூலன்ட் அளவையும் பாருங்கள். அதற்குப் பிறகும் ஆடினால் மட்டுமே புதிய பாகத்தைப் பற்றிப் பேசலாம். அப்போதும் கழற்றிய பழையதைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

பிரேக்கை மட்டும் இன்றைக்கே சோதித்துவிடுங்கள். இன்ஜினை அணைத்துவிட்டு, மிதி இறுகும்வரை சில முறை மிதியுங்கள். மிதித்தபடியே ஸ்டார்ட் செய்தால் அது சற்றே கீழே இறங்க வேண்டும். இறங்காவிட்டால் லீக், மிதிக்கும் விசையை இன்ஜின் வேக்குவத்தால் கூட்டித் தரும் பிரேக் பூஸ்டரிலோ அதன் ஹோஸிலோ இருக்கக்கூடும். சரிசெய்யும்வரை வண்டியைச் சாலைக்கு எடுக்காதீர்கள்.