முகத்தில் தெரிவது கோபம்தானா?

கேள்வி: குமுளியில் ஏலக்காய் தரம் பிரிக்கும் இடத்தில் மேஸ்திரியாக இருக்கிறேன். புதிதாக வந்திருக்கும் அசாம் பெண்கள் எப்போதும் கோபமாகவே தெரிகிறார்கள். இனம் மாறினால் முகபாவம் புரியாதா அக்கா?
– ஒரு வாசகர், குமுளி

பதில்: புரியும் தம்பி, ஆனால் கொஞ்சம் தப்பும். கேரளத்தைப் பூர்வீகமாகக் கொண்ட நளினி அம்பாடி, எல்ஃபன்பைன் என்ற இன்னொருவரோடு சேர்ந்து, பல நாட்டு உளவியல் ஆய்வுகளைத் தொகுத்து 2002-இல் எழுதினார். உணர்ச்சி யார் முகத்திலும் ஓரளவு பிடிபடுகிறது. தன் கூட்டத்தார் முகத்தில் இன்னும் சரியாக. பழக்கமுள்ள கூட்டங்களுக்குள் இந்த வித்தியாசம் குறைவு.

நீங்கள் சொல்லும் 'எப்போதும் கோபம்'தான் எனக்கு உறுத்துகிறது. 2003-இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், கோப முகம் மெல்லச் சிரிப்பாக மாறும் படத்தைக் காட்டினார்கள். கறுப்பினத்தார் மீது உள்ளூர வெறுப்பு அதிகமிருந்த வெள்ளையர்களுக்கு, கறுப்பு முகத்தில் மட்டும் கோபம் நெடுநேரம் தெரிந்தது.

எங்கம்மாவும் காய் பொறுக்கியவர்தான். வெடித்த காயைக் கண்டுபிடிக்க, புருவத்தை நெரித்துக் குனிந்தே பார்க்க வேண்டும். கம்பத்துப் பெண்கள் அப்படிப் பார்த்தால் கவனம் என்கிறோமே! டீ நேரத்தில் அந்த அசாம் பெண்களோடு உட்காருங்கள். பேரைக் கேளுங்கள். அப்புறம், கூலியில் நிஜமாகவே குறை இருக்கிறதா என்றும் கேளுங்கள்.