வால்வு ஆபரேஷனுக்கு முன்னாடி ஆஞ்சியோ எதுக்கு? – கேள்வி பதில்

மதுரையில கேத் லேப் (இதயக் குழாய்க்குள்ள மெல்லிய டியூப் விட்டுப் படம் எடுக்கிற அறை) நர்ஸா ரொம்ப வருஷம் வேலை பார்த்தவ நான். ஆஞ்சியோன்னா இதயத்துக்கு ரத்தம் கொடுக்கிற குழாய்ல அடைப்பு இருக்கான்னு எடுக்கிற படம். வந்த கேள்விகளுக்கு எனக்குத் தெரிஞ்சதைச் சொல்றேன். முடிவு உங்க டாக்டரோடது.

திருமங்கலத்துல இருந்து: அக்கா, அப்பாவுக்கு 64 வயசு, சர்க்கரை இருக்கு. அயோர்ட்டிக் வால்வு மாத்தணுமாம். நெஞ்சுவலியே இல்ல, ஆஞ்சியோ எடுக்கச் சொல்றாங்க. காசுக்காகவா?

இல்ல தம்பி. அயோர்ட்டிக் வால்வுங்கிறது இதயத்துல இருந்து ரத்தம் உடம்புக்கு வெளியேறுற வாசல் கதவு. 40 தாண்டின ஆம்பளைங்களுக்கும் மாதவிடாய் நின்ன பெண்களுக்கும் வால்வு ஆபரேஷனுக்கு முன்னாடி இதய ரத்தக்குழாயைப் பார்க்கிறதுதான் முறை. சர்க்கரை இருந்தா அடைப்பு வலியே காட்டாம இருக்கலாம். நெஞ்செலும்பை ஒரு தடவைதான் திறக்கணும். அடைப்பை விட்டுட்டு வால்வை மட்டும் மாத்தினா, நிறுத்தி வச்ச இதயத்தை மறுபடி ஓடவிடுறப்போ தசைக்கு ரத்தம் பத்தாம திணறும். பெரிய குழாய்ல 70 சதவீதமோ, இதயத்தோட இடது பக்க முதன்மைக் குழாய்ல (லெஃப்ட் மெயின்) 50 சதவீதமோ அடைப்பு இருந்தா, பெரும்பாலும் அதே ஆபரேஷன்ல பைபாஸும் சேர்த்துப் பண்ணிருவாங்க.

மேலூர்ல இருந்து: அம்மாவுக்கு அயோர்ட்டிக் வால்வு ரொம்பச் சுருங்கிருக்குன்னு எக்கோவுல வந்திருக்கு. நடந்தா நெஞ்சை அடைக்குது. டிரெட்மில் டெஸ்ட் (ஓடுற பட்டையில நடக்கவிட்டு ஈசிஜி எடுக்கிறது) பார்த்தா அடைப்பு தெரியுமான்னு சொந்தக்காரர் கேக்குறார்.

தயவுசெஞ்சு வேண்டாம்மா. அயோர்ட்டிக் வால்வு கடுமையா சுருங்கி, தொந்தரவும் இருக்கிறவங்களை டிரெட்மில்ல ஏத்தக் கூடாது, மயங்கி விழலாம். எங்க போனாலும் எக்கோ ரிப்போர்ட்டை முதல்ல நீட்டுங்க.

அந்த நெஞ்சடைப்பை வச்சே குழாய்ல அடைப்புன்னும் சொல்ல முடியாது. நம்ம கண்மாயை நினைச்சுக்கோங்க. வால்வு மடை. மடையைத் தாண்டினதும் முதல்ல பிரியுற ரெண்டு வாய்க்கால்தான் இதயத்துக்கே ரத்தம் கொடுக்கிற குழாய். மடை சுருங்கினா இதயம் முட்டித் தள்ளித் தள்ளியே தசை தடிச்சுப்போகும். வயல் பெருத்திருச்சு, வாய்க்கால் அதே அளவு. வாய்க்கால் சுத்தமா இருந்தாலும் தண்ணி பத்தாது, வலிக்கும். அதனாலதான் நேரா படம் எடுத்துப் பார்க்கணும்.

உசிலம்பட்டில இருந்து: தங்கச்சிக்கு 26 வயசு. சின்னதுல வந்த மூட்டுவாதக் காய்ச்சல்ல மைட்ரல் வால்வு (இதயத்தோட இடது பக்க ரெண்டு அறைக்கு நடுவுல இருக்கிறது) கெட்டுப்போச்சு. அவளுக்கும் ஆஞ்சியோவா?

இந்தச் சின்ன வயசுல, சர்க்கரை, பிரஷர் மாதிரி வேற ஆபத்துக் காரணம் எதுவும் இல்லேன்னா பெரும்பாலும் தேவைப்படாது.

சிம்மக்கல்ல இருந்து: டியூப் விடாம ஸ்கேன்லயே எடுக்கிற சிடி ஆஞ்சியோ போதாதா?

அடைப்பு இருக்க வாய்ப்பு குறைவுன்னு தோணுறவங்களுக்குப் போதும். சிடியில குழாய் சுத்தமா இருந்தா அதோட விட்டுறலாம். ஆனா வயசானவங்க குழாய்ல சுண்ணாம்பு படிஞ்சிருந்தாலோ, துடிப்பு தாறுமாறா இருந்தாலோ படம் தெளிவா வராது. அப்புறம் கேத் லேபுக்குத்தான் வரணும். அயோர்ட்டிக் வால்வுல கிருமி தொத்தி கட்டி தொங்குறவங்களுக்கு மட்டும் சிடியே நல்லது. கேத் லேப்ல உள்ள விடுற ஒயர் பட்டா கட்டி பிச்சுக்கிட்டு மூளைக்குப் போயிரலாம்.

வாடிப்பட்டில இருந்து: மாத்திரைகளை நிறுத்திட்டு வரணுமா?

நீங்களா எதையும் நிறுத்தாதீங்க. ஒரு ஐயா "பிரஷர் மாத்திரை மட்டும்தான்"னு சொன்னார். அவர் மஞ்சப்பையைக் கவுத்தா உள்ள அசிட்ரோம் அட்டை! ரத்தம் உறையாம இருக்கப் போடுற மாத்திரை அது. அதனால எல்லா அட்டையையும் அள்ளிட்டு வாங்க. மெட்ஃபார்மின்ங்கிற சர்க்கரை மாத்திரை போடுறதைக் கட்டாயம் சொல்லுங்க, கிரியாட்டினின் (சிறுநீரகம் எப்படி இருக்குன்னு காட்டுற ரத்தப் பரிசோதனை) பார்த்துட்டு டாக்டர் முடிவு பண்ணுவார்.

ஆனையூர்ல இருந்து: வலிக்குமாக்கா? அப்பா பயப்படுறார்.

பெரும்பாலும் மணிக்கட்டு வழியாத்தான் டியூப் விடுவோம். அங்க மரப்பு ஊசி போடுறப்போ சுருக்குன்னு இருக்கும், அவ்வளவுதான். முழிச்சுக்கிட்டே இருப்பார். முடிஞ்சதும் காத்தடைச்ச பட்டையைக் கையில கட்டி, ஊசிக்குழல்ல கொஞ்சங்கொஞ்சமா காத்தை இறக்குவோம். ரத்தம் கசிஞ்சா மறுபடி ஏத்துவோம். வீட்டுக்கு வந்தப்புறம் ரெண்டு மூணு நாளைக்கு அந்தக் கையால தண்ணிக்குடம் தூக்க விடாதீங்க.